அடிச்சாச்சு, அழாதே

கரட்டுப்பட்டியில் வலி இடம் மாறத் தொடங்கியது ஒரு மாசி மாதத்து மத்தியானம், வள்ளிமயிலின் மகள் ஓவியா வாசற்படியில் தடுக்கி விழுந்து முட்டி பிளந்துகொண்டபோது. பத்து வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற ஒரே பிள்ளை, பிறந்த மறுவருஷமே தகப்பனைக் குவாரி வெடிக்குப் பறிகொடுத்த பிள்ளை, ஓர் எறும்பு கடித்தாலும் தாய்க்காரி புற்றையே தேடிப் போய்க் கொளுத்திவிட்டு வருகிற பிள்ளை. அது ரத்தத்தோடு அலறியதும் வள்ளிமயில் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாத் தாய்மாரும் செய்கிறதைத்தான் செய்தாள். குனிந்து அந்தக் கல்படியை ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

"என் தங்கத்தையா தள்ளிவிட்டே? இந்தா, நல்லா வாங்கிக்க! அடிச்சாச்சு, அழாதே தங்கம். படியை அம்மா அடிச்சாச்சு."

பிள்ளை பாதி அழுகையில் நிறுத்தியது. முட்டியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, ரத்தம் கெண்டைக்காலில் இறங்கி வள்ளிமயிலின் சேலையில் ஊறியது. பிள்ளையோ வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, முறுக்கு" என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அந்தப் படியில் கால் வைத்தாள், "ஐயோ என் முட்டி" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படியை விட்டு இறங்கினால் வலி இல்லை, ஏறினால் இருந்தது. ஏறி இறங்கி ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏண்டி வள்ளி, ஓம் புள்ளை வலி இந்தப் படிக்குள்ளதான கெடக்கு."

"கெடக்கட்டும் மதினி. புள்ளையத் தள்ளிவிட்டதுக்கு அனுபவிக்கட்டும்."

"அதுவுஞ் சரிதான்" என்ற சீனித்தாய் படியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய் மோர் வாங்கிக்கொண்டாள்.

குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, அதற்குப் பிறகு வலி வந்தால் கரட்டுப்பட்டிக்காரர்கள் கல்லைத் தேடிப் போனார்கள். சொத்தைப்பல்காரர் ஆட்டுக்கல்லைத் தட்டினார், அந்த வீட்டு இட்லி தின்றவர்களுக்கெல்லாம் கடைவாய் குடைந்தது. மூட்டுவலிக்காரர்கள் பஸ் ஸ்டாப்புக் கல்பெஞ்சை வரிசையாகத் தட்டிவிட்டு நிமிர்ந்து நடந்தார்கள், வெளியூர்க்காரன் எவனாவது அதில் உட்கார்ந்து 'அம்மா' என்று துள்ளி எழுவதைப் பார்ப்பதற்கென்றே டீக்கடையில் கூட்டம் கூடியது. பிள்ளைத்தாய்ச்சிகளை மலையடிக்குக் கூட்டிப் போய்ப் பாறையை அடிக்க வைத்தார்கள், பிள்ளைகள் அலுங்காமல் பிறந்தன, பாறை மட்டும் முனகிக்கொண்டே கிடந்தது. காதல் தோற்ற ஒருவன் மைல்கல்லை அடி அடியென்று அடித்துவிட்டு, "எனக்கு மட்டும் போகமாட்டேங்குதே" என்று வந்து நின்றான். "அதுக்குக் கல்லு பத்தாது மாப்ளே, கல்யாணம் பண்ணணும். அதுக்கப்புறம் இதெல்லாம் ஒரு வலியாவே தெரியாது" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைத்துரை. 'இந்தா வாங்கிக்க' என்று சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை, கை பட்டால் போதும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

ஓவியாவுக்கு அதற்குப் பிறகு வலி என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. வள்ளிமயில் ஜல்லி உடைக்கப் போகிற இடத்துக்கெல்லாம் அதை இடுப்பில் சுமந்து போனாள், முள் குத்தினால் முள்ளுக்குப் பக்கத்துக் கல்லையும், வயிறு கடுத்தால் அடுப்புக்கல்லையும் அடித்தாள். பிள்ளை கொதிக்கிற எண்ணெயில் விரலை விட்டு அப்பளத்தை எடுத்தது, ஓணானின் வாலை அறுத்துவிட்டு அது ஏன் துடிக்கிறது என்று கேட்டது. 'என் பிள்ளைக்கு வலி தெரியாது' என்று வள்ளிமயில் நகை போட்டுக்கொண்டதுபோலச் சொல்லித் திரிந்தாள்.

கல் நிறையும் என்று மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நிறைந்த கல், தொட்டவர்களுக்கெல்லாம் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது. குவாரியில் வெடி வைத்தபோது பாறைக்குள் கிடந்த பிரசவமெல்லாம் தூசியாக எழும்பி வந்து இறங்க, மீசை வைத்த ஆம்பிளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அம்மி தொட முடியவில்லை, துவைகல் தொட முடியவில்லை, செருப்பில்லாமல் தெருவில் நடக்க முடியவில்லை. வலியைப் போட ஊரில் ஒரு காலிக் கல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரத்திலிருந்து டாக்டர் இந்துமதி வந்தார். காயம் ஆறின பிறகும் வலி ஏன் ஆறுவதில்லை என்று இருபது வருஷமாக எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர். மெல்லிய குரல், பருத்திச் சேலை, பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கைப்பையில் எப்போதும் தேன்மிட்டாய். அவரிடம் ஒரு தட்டையான பெட்டி இருந்தது, அதில் மயிரிழையிலிருந்து ஈர்க்குச்சிப் பருமன் வரை வரிசையாக நைலான் நூல்கள். நூலை எலியின் பாதத்தில் வளைய அழுத்த வேண்டும், எந்த நூலுக்கு எலி காலை இழுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும், இருபது வருஷமாக அதுதான் வேலை. "நான் ஆராய்ச்சி டாக்டர்மா. எலிக்குத்தான் ஊசி போட்டுப் பழக்கம்" என்று அவர் சொன்னதற்கு, "எங்களுக்கும் எலிக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம்" என்று சீனித்தாய் சொல்ல, ஊர் கூடியிருந்த கல்யாண மண்டபமே சிரித்தது.

மண்டபத்தில் டாக்டர் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். மூளைக்குள் காவல்காரர்கள் மாதிரி சில அணுக்கள் இருக்கின்றன. அடிபட்டால் அவர்கள் எழுந்து தீ மூட்டிச் சத்தம் போடுவார்கள், அதுதான் வலி. காயம் ஆறினால் தீயை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். சில பேருக்குத்தான் காவல்காரன் படுக்க மாட்டேன் என்கிறான், திருடன் போன பிறகும் தீயை எரியவிட்டுக்கொண்டே இருக்கிறான், அதைத்தான் மூளை அழற்சி என்கிறோம். "கல்லுக்கு மூளை இல்லை. அதுக்கு வலியைக் கரைக்கத் தெரியாது. அதனாலதான் நெறைஞ்சு போச்சு."

முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த வள்ளிமயில் எழுந்தாள். "அப்ப உசுரு உள்ள உடம்புல போட்டா கரைஞ்சிருமா டாக்டரம்மா?"

டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். இருபது வருஷமாக எலியிடம் கேட்டுப் பதில் வராத கேள்வி இது, இப்போது ஓர் ஊரே பதில் சொல்லக் காத்திருக்கிறது.

"கரையும்" என்றார். "பச்சை வலி உடம்புல ஊறி எறங்கவே அரை நாளாகும். காவல்காரங்க நல்லா இருந்தா ரெண்டு மூணு நாள்ல ஆறிரும். ஆனா நான் அதைச் செய்யச் சொல்லலை."

"நீங்க எதுக்குச் சொல்லணும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் வெள்ளைத்துரை.

திருவிழா மண்டகப்படிக்கு வீட்டு முறை வைத்திருப்பதுபோல வலி வாங்கவும் முறை வைத்தார்கள். முறைக்கார வீட்டிலிருந்து ஓர் ஆள் காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்து மேடையில் முதுகைக் காட்டி உட்கார வேண்டியது, ஊரார் வந்து ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டியது. வீட்டுக்கு ஓர் ஆள் என்றால் எந்த ஆள் என்று சொல்லவா வேண்டும். மாமியார் இருந்த வீட்டிலிருந்து மருமகள் வந்தாள், மகன் இருந்த வீட்டிலிருந்து மகள் வந்தாள், வாய் பேசாத தம்பி இருந்த வீட்டிலிருந்து அந்தத் தம்பி வந்தான். டாக்டர் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் பாதத்திலும் நூலை அழுத்திப் பார்த்தார். முறை வரவரச் சண்டையும் வந்தது, ஒரு வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள், இன்னொரு வீட்டில் மருமகள் மாமியாரையே மேடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

வள்ளிமயிலின் முறை நெருங்கியது. அந்த வீட்டில் இருந்தது அவளும் பிள்ளையும்தான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் சுருண்டு படுத்துவிட்டால் பிள்ளையின் வலியை யார் தட்டிவிடுவார்கள், யார் தலை வாருவார்கள், அது கிணற்றடிக்குப் போனால் யார் ஓடுவார்கள் என்று நினைத்து நினைத்துப் பித்துப் பிடித்தவள்போல நடந்தாள். நடந்தவள் பஞ்சாயத்து ஆபீஸில் போய் நின்றாள்.

"எதுக்குத் தலைவரே நம்ம சனம் ஒருத்தருக்கொருத்தர் அடிச்சுக்கணும்? கிரஷர்ல அந்த வடக்கத்தி ஆளு இருக்கானே. நல்ல தாட்டியமான ஒடம்பு. அவனுக்கு இங்க யாரு இருக்கா, ஏன்னு கேக்க?"

வெள்ளைத்துரை மீசையைத் தடவினார். "கூட்டியாந்துருவியா?"

"வருவான். எம்மேல மரியாதை உள்ளவன்."

அவன் பெயர் சுக்ராம். ஜார்க்கண்டில் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கல் அரைக்கிற கிரஷரில் வேலைக்கு வந்தவன், தகரக் கொட்டகையில் தனியாகப் பொங்கித் தின்கிறவன். தாயோடு ஜல்லி உடைக்க வரும் ஓவியாவுக்குப் பழைய கிரஷர் பெல்ட் ரப்பரில் ஒரு மான் வெட்டிக் கொடுத்திருந்தான். வள்ளிமயிலை 'தீதி' என்பான், அக்கா என்று அர்த்தமாம். அவள் அன்று அயிரைமீன் குழம்பு வைத்துச் சோறு கொண்டுபோய்ப் போட்டாள். தின்று முடித்ததும் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து உட்காரவைத்து, முதல் ஆளாகத் தன் இடுப்புப் பிடிப்பையும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் காதுவலியையும் அவன் முதுகில் தட்டினாள். பிறகு ஊர் தட்டியது. சுக்ராம் ஒவ்வொருவருக்கும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினான்.

வலி மத்தியானத்துக்கு மேல்தான் அவனுக்குள் ஊறியது. கல் தூக்கின அலுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான், தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தான், காலையில் வள்ளிமயில் சோற்றோடு வந்ததும் எழுந்து உட்கார்ந்தான், தின்றுவிட்டு மறுபடி மேடைக்குப் போனான்.

"ஊரு நல்ல ஊரு தீதி" என்று ஒரு நாள் சொன்னான். "வேற ஊர்ல வேலை பாத்தேன், நெறைய ஊரு. யாரும் தொடல. கிளாஸ்கூட தனி கிளாஸ். இங்க எல்லாரும் தொட்டுப் பேசுறாங்க. சின்னப் புள்ளைகூட."

"ஆமாண்டா தம்பி. எங்க ஊர்ல அப்படித்தான்" என்றாள் வள்ளிமயில், இன்னும் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றி.

வெயில் காலம் முழுக்க ஊர் சுகமாக இருந்தது. பிரசவம், பல், மூலம், தேள்கடி, தலைவர் வீட்டம்மாவின் ஒற்றைத் தலைவலி, எல்லாம் அந்த ஒரு முதுகில் ஏறி இறங்கின. பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கோழியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிப் போனார்கள். முதலில் ஈர்க்குச்சிப் பருமன் நூலைப் பாதத்தில் அழுத்தினாலும் கூச்சத்தில் சிரித்த சுக்ராம், ஆடி பிறந்தபோது நடுவாந்தர நூலுக்குக் காலை இழுத்தான், ஆவணியில் மயிரிழை நூலுக்கு வாய்விட்டுக் கத்தினான். காற்று அடித்தால் தோல் எரிகிறது என்று கொட்டகைக்குள் அடைந்தான், சட்டை போட முடியவில்லை, சோற்றின் சூடு கையில் பட்டால் கண்ணீர் வந்தது. அவன் மூளைக்குள் காவல்காரர்கள் படுக்க மறந்துவிட்டார்கள்.

"அந்தத் தீயை அணைக்க மருந்து இருக்கா டாக்டரம்மா?" என்று சீனித்தாய் ஒருத்திதான் கேட்டாள்.

"இருக்கு. எலிக்குக் கேட்டுச்சு. முதல் தடவை பிடிச்ச தீயை ஒரே ஊசியில அணைச்சிடும். அணைஞ்சு போய்த் திரும்ப ஒரு தடவை பிடிச்சா கேக்காது."

"அப்பப் போட்டுவிடுங்களேன்."

"போடணும். எவ்வளவு தூரம் போகுதுன்னு இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போடணும்" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, எலிகளுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்.

அப்புறம் சுக்ராமும் கல்லைப்போல நிறைந்துபோனான். தட்டப் போனவர்களுக்கு அவன் முதுகு பட்டதுமே கை சுரீரென்றது, கொண்டுபோன வலி அவர்களோடேயே திரும்பி வந்தது. ஒரே நாளில் மேடை காலியாயிற்று. சோறு நின்றது. தெருவில் அவனைக் கண்டால் ஒதுங்கினார்கள், தன் நிழல் விழுந்த இடத்தைக்கூட மிதிக்காமல் போகிறார்களே என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான். தன்னிடம் என்ன குற்றம் கண்டார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. உடம்பெல்லாம் எரிகிற எரிச்சலைவிட, தொடுவதற்கு ஆளில்லாமல் போனதுதான் அவனை வாட்டியது. வள்ளிமயிலின் வாசலுக்கு வந்து, "தீதி, நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டான். அவள் கதவுக்கு உள்ளே பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிரு தம்பி, போயிரு" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டருக்குப் பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது. அவனை நகரத்துக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டு, கொஞ்ச நாள் வைத்திருந்து, சொந்த ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாகச் சொன்னார். புரட்டாசி மாதத்து ஒரு காலையில் ஜீப் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஊரார் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், புதிதாக யாரை உட்காரவைப்பது என்று அங்கேயே பேச்சும் ஓடியது. சுக்ராம் ஒரு பையோடு, வெற்றுடம்பில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, காலைத் தரையில் வைக்கவும் பயந்து பயந்து நடந்து வந்தான். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு கையும் நீளவில்லை.

அப்போதுதான் ஓவியா, தாயின் பிடியை உதறிவிட்டு, ரப்பர் மானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"மாமா, ஊருக்கா போற? மானையும் கூட்டிட்டுப் போறியா?"

சுக்ராம் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் குந்தினான். அவன் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் பிரியமானவர்களுக்குச் செய்கிற மரியாதை ஒன்று உண்டென்று அவனுக்குத் தெரியும், வெயில் காலம் முழுக்கத் தினம் தினம் வாங்கினவன். யாரும் தனக்குச் செய்யவில்லையென்றால் என்ன, தான் செய்துவிட்டுப் போகலாம். அவன் கையைத் தூக்கி, மாவு தட்டுவதுபோல மெதுவாக, பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

பச்சை வலிதான் ஊறி இறங்கும். தீப்பிடித்த வலி தீயாகவே இறங்கியது. ஓர் ஊரின் பிரசவமும் பல்லும் தேளும் நசுங்கின விரலும் அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரே மூச்சில் போயின. வலியே தெரியாத பிள்ளைக்கு அழக்கூடத் தெரியவில்லை, வாய் திறந்தபடி நின்றது, பிறகு அதிலிருந்து வந்த சத்தத்துக்கு வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பின.

வள்ளிமயில் எப்படி அவ்வளவு தூரம் வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. பிள்ளை இடுப்பில் இருந்தது, வில்லாய் வளைந்து துடித்தது. டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, கையை ஓங்காதீங்க! மருந்து இருக்கு. புள்ளைக்கு இப்பத்தான் முதல் தடவை பிடிச்சிருக்கு, போட்டா சாயங்காலத்துக்குள்ள அடங்கிரும். திரும்ப அவருக்குப் போச்சுன்னா எந்த மருந்தும் கேக்காது. கொஞ்சம் பொறுங்கம்மா."

"சாயங்காலம் வரைக்குமா?" என்றாள் வள்ளிமயில்.

அவளுடைய கன்னம் அவளுடைய கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை அடித்திருக்கலாம். நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கலாம், எத்தனையோ எழவு வீடுகளில் அடித்துக்கொண்டு பழகின நெஞ்சுதான். கை அந்தப் பக்கம் போகவில்லை.

சுக்ராம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் காற்று அவன் மேல் வெறும் காற்றாகப் பட்டது. பிள்ளை ஏன் கத்துகிறது என்று புரியாமல் விழித்தவன், தீதி ஓங்கின கையோடு தன்னிடம் வருவதைப் பார்த்தான். வழியனுப்பாமல் விட்டுவிடுவாளோ என்று நினைத்திருந்தானே, வந்துவிட்டாள். சிரித்தபடியே திரும்பி, அவளுக்கு எட்டுவதற்குத் தோதாகக் குனிந்து, முதுகைக் கொடுத்தான்.

அவள் அடித்தாள்.

பிள்ளை பாதி அழுகையில் நிறுத்தியது. மூக்கை உறிஞ்சிவிட்டுக் கீழே பார்த்தது. கீழே சுக்ராம் புழுதியில் கிடந்தான், புழுதி படுவதே பொறுக்காமல் துள்ளினான், துள்ளினால் மறுபடி புழுதி பட்டது. டாக்டர் ஊசிக்கு மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, நூல் பெட்டியை எடுத்தார்.

ஊரார் மெல்ல நெருங்கி வந்தார்கள். வெள்ளைத்துரை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "டாக்டரம்மா, ஒரு தடவை காலியாகித் திரும்ப ரொம்புன ஒடம்புல, எடம் கூடுதலா இருக்குமா, கொறைச்சலா இருக்குமா?"

வள்ளிமயில் வீட்டைப் பார்த்து நடந்தாள். பிள்ளையின் முதுகை நீவிவிட்டுக்கொண்டே நடந்தாள், வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"அடிச்சாச்சு, அழாதே தங்கம். மாமாவை அம்மா அடிச்சாச்சு. அடிச்சாச்சு, அழாதே."

"நான் அழலையேம்மா" என்றது பிள்ளை.